வண்டின் குடலைத் துளைக்கும் புரதம்

மாவுப்புழு என்பது உண்மையில் ஒரு வண்டின் இளம்பருவம். அதன் செத்த கூட்டுப்புழு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவைப் பற்றி 1983-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பாக்டீரியா புதிதல்ல, பி.டி. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்தான். பிரான்ஸில் அதைப் பூச்சிமருந்தாக விற்கத் தொடங்கியே அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அதுவரை தெரிந்திருந்த வகைகள் அந்துப்பூச்சிகளின் புழுக்களையோ கொசுப்புழுக்களையோதான் கொன்றன. இந்தப் புது வகை அந்துப்புழுக்களை விட்டுவிட்டு வண்டுகளைக் கொன்றது. டெனிபிரியோனிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே பாக்டீரியா இனத்தில் ஏன் இப்படி ஆளுக்கொரு இலக்கு? அதற்குப் பூச்சியின் குடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பி.டி. வித்தாக, அதாவது மோசமான சூழலைத் தாங்கும் உறங்குநிலை வடிவமாக, மாறும் காலத்தில் தன் செல்லுக்குள் ஒரு புரதத்தை ஏராளமாகத் தயாரித்து, படிகமாக அடுக்கி வைக்கிறது. செல் உடைந்ததும் வித்தும் படிகமும் வெளியே வந்துவிடும். அந்துப்புழுக்களைக் கொல்லும் வகைகளின் படிகம் பெரும்பாலும் இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியது போலிருக்கும். டெனிபிரியோனிஸின் படிகம் தட்டையான சதுரம். அதிலுள்ள புரதத்தின் பெயர் க்ரை 3ஏ.

படிகம் பூச்சியின் மேல் பட்டால் ஒன்றும் ஆகாது. தின்றால்தான் வேலை நடக்கும். அந்துப்புழுவின் நடுக்குடல் சோப்புத்தண்ணீரைப் போலக் கடும் காரமானது, அந்தக் காரத்தில்தான் அதற்கான படிகங்கள் கரையும். வண்டுப்புழுவின் நடுக்குடலோ பெரும்பாலும் லேசான அமிலம். க்ரை 3ஏ அங்கேயே கரைந்துவிடும். அந்துப்புழுவுக்கான சில புரதங்களை ஆய்வகத்தில் முன்கூட்டியே கரைத்துக் கொடுத்தபோது அவை வண்டுப்புழுக்களையும் கொன்றன. ஆக, பாதி வித்தியாசம் கரைவதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, ஒட்டிக்கொள்வதில். 1991-ல் க்ரை 3ஏ-யின் முப்பரிமாண வடிவம் வெளியானது. இந்தக் குடும்பத்தில் வடிவம் தெரிந்த முதல் புரதம் இதுதான். மூன்று பகுதிகள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. குடலின் நொதிகள் புரதத்தின் ஓரத்தைக் கத்தரித்த பிறகு, இரண்டாம், மூன்றாம் பகுதிகள் குடல் செல்லின் பரப்பிலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளை, அதாவது பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தும் மூலக்கூறுகளை, பிடித்துக்கொள்கின்றன. முதல் பகுதி ஏழு சுருள்களின் கட்டு. அதிலுள்ள சுருள்கள் விரிந்து செல்சவ்வுக்குள் நுழைகின்றன. இப்படிப் பல மூலக்கூறுகள் சேர்ந்தால் சவ்வில் ஒரு துளை. அதன் வழியே அயனிகளும், பின்னாலேயே தண்ணீரும் உள்ளே பாய, செல் உப்பி வெடிக்கிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும். சாக மட்டும் சில நாள் ஆகலாம். இலையைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அது தின்பதை நிறுத்தினாலே போதும், செத்ததா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பிகள் மனிதக் குடலில் இல்லை. நம் வயிற்று அமிலமும் நொதியும் புரதத்தைச் சிதைத்தும் விடும்.

தெளிப்பு மருந்தாக இதற்குச் சில தொல்லைகள் உண்டு. வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த சின்னப் புழுக்களிடம் நன்றாக வேலை செய்யும், வளர்ந்த வண்டிடம் அவ்வளவாக எடுபடாது. மண்ணுக்குள் வேரைத் தின்னும் புழுவைத் தெளிப்பு எட்டவே எட்டாது. சரி, செடியே புரதத்தைத் தயாரித்தால்? 1995-ல் அமெரிக்காவில் க்ரை 3ஏ மரபணு சேர்த்த உருளைக்கிழங்கு அனுமதி பெற்றது. உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் கொலராடோ வண்டுக்கு எதிராக அது வயலில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பெரிய கொள்முதல்காரர்கள் ஒதுக்கினார்கள். 2001-ல் விற்பனை நின்றது.

மக்காச்சோளத்தின் கதை வேறு. மேற்கத்திய வேர்ப்புழு என்ற சின்ன வண்டின் புழுக்கள் வேரைத் தின்றால் செடி சாய்ந்துவிடும். 2003-ல் க்ரை 3ஏ-யின் நெருங்கிய உறவான க்ரை 3பிபி புரதம் கொண்ட ரகம் வயலுக்கு வந்தது. 2009-லேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சில வயல்களில் வேர்கள் பழையபடி கடிபட்டுக் கிடந்தன. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் அதே ரகத்தைத் தொடர்ந்து விதைத்த நிலங்கள் அவை. அங்கே பிடித்த வண்டுகளின் சந்ததி புரதத்தைத் தின்றும் பிழைத்தது.

என் பார்வையில், கோளாறு புரதத்தில் அல்ல, அளவில். பி.டி. பயிருக்குப் பக்கத்தில் சாதாரணப் பயிரையும் கொஞ்சம் விதைக்கச் சொல்வார்கள். அங்கே பிழைக்கும் சாதாரண வண்டு, எதிர்ப்புள்ள வண்டோடு இணைந்தால் குஞ்சுகளுக்கு எதிர்ப்பு மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கிடைக்கும். செடியில் புரதம் மிக அதிகமாக இருந்தால் அந்தக் குஞ்சுகளும் செத்துவிடும், எதிர்ப்பு பரவாது. வேர்ப்புழு ரகங்களில் அந்த அளவு எட்டப்படவில்லை. ஒற்றை மரபணு பெற்றவையும் தப்பின. இத்தனைக்கும் மறுவருடம் வேறு பயிர் வைத்தாலே பெரும்பாலான வேர்ப்புழுக்கள் பட்டினியில் செத்துவிடும். மக்காச்சோள வேரை விட்டால் அவற்றுக்கு வேறு சாப்பாடு அதிகமில்லை.

இப்போது தேடல் பி.டி.யைத் தாண்டிப் போயிருக்கிறது. மண்ணில் வாழும் சூடோமோனாஸ் குளோரோராபிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஐபிடி 072 என்ற புரதம் கண்டெடுக்கப்பட்டது 2016-ல் வெளியானது. க்ரை 3 வகைப் புரதத்துக்குப் பழகிப்போன வேர்ப்புழுக்களையும் அது கொல்கிறது.