கம்பைலர் எந்த இடத்தில் நிற்கிறது?

ஒரு டைப்பைப் (தரவு வகையைப்) பற்றிக் கேள்வி கேட்பதற்கென்றே சி++ நிரல்மொழியின் 2011 தரத்தில் சேர்க்கப்பட்டவை டைப் ட்ரெய்ட்டுகள். ‘இது முழு எண்ணா?’, ‘இது ஈனமா (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலா)?’ என்று கேட்டால், ப்ரோகிராம் ஓடுவதற்கு முன்பே, கம்பைலர் அதை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே, ‘வேல்யூ’ என்கிற உறுப்பில் பதில் வந்துவிடும்.

இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க, நடுவில் ‘மற்றும்’ என்கிற && போட்டால் போதாதா? பெரும்பாலும் போதும். முதல் பதில் ‘ஆம்’ என்றால்தான் இரண்டாவது கேள்விக்கே அர்த்தம் உண்டு என்கிறபோதுதான் வம்பு. ‘டி என்கிற டைப் ஈனம், அதன் அடிப்படை டைப் (மதிப்புகளை உள்ளே வைத்திருக்கும் முழு எண் டைப்) மைனஸும் ஏற்கும் குறியுள்ள எண்’ என்று சோதிப்பதாக வையுங்கள். டி இடத்தில் ஃப்ளோட் (தசம எண்) வந்தால் அடிப்படை டைப்புக்கு எங்கே போவது? முதல் பக்கம் பொய் என்றாலும், && இருபுறமும் உள்ள டெம்ப்ளேட்டுகளை (டைப்பை நிரப்பினால் நிரலாகும் அச்சுகளை) கம்பைலர் விரித்துத்தான் ஆக வேண்டும். விரிக்கும்போதே பிழை வெடிக்கிறது.

2017 தரத்தின் கன்ஜங்ஷன் இதற்காகத்தான் வந்தது. அதற்கு ‘வேல்யூ’வைக் கொடுப்பதில்லை, ட்ரெய்ட்டையே கொடுக்கிறோம். அது முதல் ட்ரெய்ட்டின் வேல்யூவை மட்டும் பார்க்கும். பொய் என்றால் அந்த ட்ரெய்ட்டிலிருந்தே இன்ஹெரிட் ஆகிவிடும், அதாவது அதன் பதிலையே தனதாக்கிக்கொள்ளும். மெய் என்றால் மீதிப் பட்டியலுக்கான கன்ஜங்ஷனிலிருந்து. ஒரு டெம்ப்ளேட்டின் பெயரைச் சொன்னதாலேயே அது விரிந்துவிடாது. உள்ளே எட்டிப் பார்த்தால்தான் விரியும். மொத்த வித்தையும் இவ்வளவுதான். டிஸ்ஜங்ஷன் இதன் கண்ணாடிப் பிம்பம், முதல் மெய்யில் நிற்கும். நெகேஷன் பதிலைத் திருப்பிப் போடும். காலிப் பட்டியல் கொடுத்தால் கன்ஜங்ஷன் மெய், டிஸ்ஜங்ஷன் பொய்.

ஆனால் இதை நம்பி,

கன்ஜங்ஷன்<இஸ்_ஈனம்<டி>, இஸ்_சைன்ட்<அண்டர்லையிங்_டைப்_டி<டி>>>

என்று எழுதினால் ஃப்ளோட்டுக்கு மறுபடியும் அதே பிழை! இரண்டாவது ஆர்க்யுமென்ட்டின் பெயரை எழுதி முடிப்பதற்கே அடிப்படை டைப் தெரிந்தாக வேண்டும். கன்ஜங்ஷன் வேலையைத் தொடங்கும் முன்பே கதை முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைத் தனி ஸ்ட்ரக்ட் ஒன்றுக்குள் வையுங்கள். ‘குறியுள்ள_ஈனம்’ என்று பெயரிட்டு, இஸ்_சைன்டிலிருந்து இன்ஹெரிட் செய்யுங்கள்.

கன்ஜங்ஷன்<இஸ்_ஈனம்<டி>, குறியுள்ள_ஈனம்<டி>>

இப்போது ஃப்ளோட் வந்தால் குறியுள்ள_ஈனம் வெறும் பெயராகவே நின்றுவிடும். அதை யாரும் திறப்பதில்லை.

ஒரு டெம்ப்ளேட் எந்த டைப்புகளை ஏற்கும் என்று நிபந்தனை போடும், 2020 தரத்தின் ‘ரிக்வயர்ஸ்’ வரியில் இந்தப் பாடு தேவையில்லை. அங்கே && தானாகவே பாதியில் நிற்கும், எனவே இரண்டு கேள்விகளையும் நேரடியாகச் சேர்க்கிற முதல் வடிவமே போதும். ஆனால் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டு முன்னால் ‘இல்லை’ என்கிற ! வைத்துவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே துண்டாகிவிடும். பாதியில் நிற்கிற வசதியும் அதோடு போய்விடும்.