அப்பாவுக்குத் தெரிந்த பாட்டா அது?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் கல்யாண ரிசப்ஷனுக்கு மைக் செட் போடுவதும் பாட்டு ஓட்டுவதும் என் தொழில். கொஞ்ச வருடங்களாக எங்கள் கைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: 'அப்பா - பொண்ணு டான்ஸ்'. மேலைநாட்டுக் கல்யாணங்களில் மணமக்கள் முதல் ஆட்டம் ஆடியதும் பெண்ணின் அப்பா வந்து மகளோடு ஆடுவது வழக்கம். இந்த மலையில் சில ஆங்கிலோ இந்திய வீடுகளிலும் வெலிங்டன் ராணுவக் குடும்பங்களிலும் முன்பே பார்த்திருக்கிறோம். இப்போது இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. வரட்டும். தாரை வார்த்துக் கொடுத்த கையோடு பந்தியைப் பார்க்கவும் பாக்கி செட்டில் பண்ணவும் ஓடிக்கொண்டிருக்கிற மனிதருக்கு இரண்டு நிமிடம் மகளோடு மேடை கிடைக்கிறது என்றால் எனக்கு சந்தோஷம்தான்.

சிக்கல் பாட்டில் இருக்கிறது. 'அண்ணா, இப்ப ட்ரெண்டிங்ல இருக்கற பாட்டு ஒண்ணு சொல்லுங்க' என்று கல்யாணப் பெண் மெசேஜ் அனுப்பும். நான் பாட்டு சொல்வதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: அப்பா வண்டி ஓட்டும்போது என்ன பாட்டு போடுவார்? முக்கால்வாசிப் பேர் 'தெரியலையே, கேட்டுச் சொல்றேன்' என்பார்கள். அந்தக் கேட்டுச் சொல்வதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவின் பாட்டு எது என்று தெரியாமல் இருப்பது சகஜம். அவர் ஷேவ் பண்ணும்போது முணுமுணுக்கிற பாட்டு, காலையில் ரேடியோவில் வந்தால் சத்தம் கூட்டுகிற பாட்டு, மகளைத் தூங்கவைக்க அரைகுறையாகப் பாடிய பாட்டு என்று ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அம்மாவைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மகள் மட்டும் தேர்ந்தெடுத்த புதுப் பாட்டுக்கு ஆடும் அப்பாவின் முகத்தைப் பாருங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் மகளின் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். தெரிந்த பாட்டு என்றால் பல்லவி திரும்பி வரும் இடம் அவர் உடம்புக்கே தெரியும். அந்த இடத்தில் தலை தானாக ஆடும், சிலர் வாயசைத்துப் பாடவே ஆரம்பித்துவிடுவார்கள். எந்தக் கோரியோகிராஃபரும் சொல்லித்தர முடியாத விஷயம் அது.

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றைச் சேர்ந்த படுகர் குடும்பத்தில் பெண் ஓர் ஆங்கிலப் பாட்டு கொடுத்திருந்தாள். அப்பா கம்பம் மாதிரி நின்றார். அது முடிந்து வழக்கமான படுகப் பாட்டை ஓட்டியதும் அதே மனிதர் கையை வீசிக்கொண்டு வட்டத்தில் இறங்கினார். மகளும் பின்னாலேயே போனாள். வீட்டிலேயே இப்படி ஓர் ஆட்டம் இருக்கிறவர்கள் வேறு எங்கே தேட வேண்டும்? அன்றிலிருந்து படுகர் வீட்டுப் பெண்கள் கேட்டால் ஒரே யோசனைதான் சொல்கிறேன். முதல் ஒரு நிமிடம் அப்பாவும் மகளும் மட்டும் ஆடுங்கள், அப்புறம் சொந்தபந்தம் ஒவ்வொருவராக உள்ளே வரட்டும், வட்டம் தானாகக் கூடிவிடும்.

அடுத்தது வரிகள். பல்லவியை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் இரண்டு வரியில் தேவதை, நிலா, உயிர் என்று வந்துவிட்டால் அது அப்பா பாட்டு ஆகிவிடாது. இரண்டாவது சரணத்தில் இடையும் இதழும் வரும். மேடையில் அப்பாவும் மகளும் நிற்க, முன்வரிசையில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்க, அந்த வரி எண்பது டெசிபலில் ஒலிக்கும்போது எல்லோரும் ஜூஸ் டம்ளரையே உற்றுப் பார்ப்பார்கள். ஆங்கிலப் பாட்டுக்கும் இதே சோதனைதான். இணையத்தில் கிடைக்கும் அப்பா-மகள் பட்டியல்களில் பாதி காதல் பாட்டு.

வரிகள் சரியாக இருந்தாலும் படத்தின் கதை பின்னாலேயே வரும். 2019-இல் வந்த 'விஸ்வாசம்' படத்தின் 'கண்ணான கண்ணே' பாட்டை அடிக்கடி கேட்கிறார்கள். டி. இமானின் இசை, தாமரையின் வரிகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்தில் அது பல வருடம் பிரிந்திருந்த அப்பா, தான் யார் என்று மகளுக்குத் தெரியாமலே அவளுக்குக் காவல் நிற்கிற கதை. அப்பா வளைகுடா நாட்டிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த வீடுகளில் இந்தப் பாட்டு வேறு மாதிரி தைக்கும். அது வேண்டும் என்று தெரிந்தே கேட்டால் போடுகிறேன். தெரியாமல் கேட்டால் ஒருமுறை சொல்லிவிடுவேன். இருவரும் அழ ஆரம்பித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். வீடியோகிராஃபருக்கு அது கொண்டாட்டம். அப்பாவுக்கு அது கொண்டாட்டமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பாட்டின் நடை, அதாவது தாளமும் வேகமும், எப்படி என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. போனில் பாட்டைப் போட்டு, வீட்டு ஹாலில் அப்பாவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடக்கச் சொல்லுங்கள். ஆட வேண்டாம், நடந்தால் போதும். கால் தாளத்தில் தானாக விழுந்தால் அந்தப் பாட்டு சரி. ரொம்ப மெதுவான பாட்டென்றால் ஒரு காலைத் தூக்கி அடுத்த தாளத்துக்குக் காத்திருக்க வேண்டும். அறுபது வயதுக்காரருக்கு அந்தக் காத்திருப்பில்தான் தள்ளாட்டம் வரும். வேகமான பாட்டில் முழங்கால் பேசும். மேலைநாட்டு வால்ட்ஸ் ஒன்று-இரண்டு-மூன்று என்று போகும், நம் காதுக்குச் சொன்னால் தகிட, தகிட. நம்மூர்த் தாலாட்டிலும் பழைய சினிமா மெல்லிசையிலும் இப்படி மூன்று மூன்றாக விழும் திஸ்ர நடை ஏராளம். பக்கவாட்டில் மெல்ல அசைய அது ரொம்ப வசதி. தகதிமி என்று நான்காக விழும் பாட்டு நடந்து ஆடுவதற்கு நல்லது. ஒருமுறை கைதட்டிப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

முழுப் பாட்டையும் ஓட்ட வேண்டாம் என்பது என் கட்சி. சினிமாப் பாட்டு நான்கு, ஐந்து நிமிடம் ஓடும். அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் தன் மகள் பிறந்த சந்தோஷத்தில் எழுதிய 'இஸன்ட் ஷி லவ்லி', 1976-இல் வந்த அவருடைய ஆல்பத்தில் ஆறரை நிமிடம். பயிற்சி இல்லாத இருவர் மேடையில் ஒன்றரை நிமிடம் தாண்டினால் செய்ததையே திரும்பச் செய்வார்கள். அப்புறம் சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாது. இரண்டேகால் நிமிடம் தாராளம். பல்லவி, ஒரு சரணம், திரும்பப் பல்லவி, மெல்ல ஃபேடு அவுட். ஆரம்ப இசை நீளமாக இருந்தால் அதையும் குறைத்துவிட வேண்டும். எங்கே கால் எடுத்து வைப்பது என்று தெரியாமல் முப்பது விநாடி நிற்பது கொடுமை. ஆனால் வெட்டுவதை வீட்டில் யாராவது மொபைல் ஆப்பில் செய்ய வேண்டாம். தாளக்கட்டு முடிகிற இடத்தில் வெட்டாவிட்டால் கால் இடறும். பாட்டைக் கொடுங்கள், நாங்கள் வெட்டிக் கேட்கக் கொடுக்கிறோம்.

மலைக்கென்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சென்னையிலிருந்து முந்தைய நாள் இரவு வந்து இறங்கிய அப்பாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதோடு அவர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பார், மதியம் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர் என்றால் ஆட்டத்துக்கு முன்னால் அவர் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று பார்க்க ஒரு ஆளை நியமியுங்கள். இதய நோய் உள்ளவர் டாக்டரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். குளிருக்கு என்று நண்பர்கள் ஊற்றிக் கொடுப்பதையும் ஆட்டம் முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். இதை மகள் சொன்னால்தான் கேட்பார்கள்.

தரை இன்னொரு விஷயம். எஸ்டேட் பங்களா புல்வெளியில் ரிசப்ஷன் வைப்பது இப்போது ஃபேஷன். ஆறரை மணிக்கு மேல் பனி இறங்கும், புல்லும் மரப்பலகை மேடையும் ஈரமாகிவிடும். புது லெதர் செருப்பு, மடித்துக் கட்டாத பட்டு வேட்டி, ஹீல்ஸ், பத்து கிலோ லெஹங்கா எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும், அப்போது வெளியில் ஆடும் திட்டமே வேண்டாம். எந்த மாதமானாலும் மேடையில் நன்றாக ஒட்டிய கார்ப்பெட் கேளுங்கள். புகை மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீலகிரியில் காசு கொடுத்துப் பனிமூட்டம் வாங்குவது எனக்கு இன்னமும் புரிவதில்லை.

இனி, யாரும் முன்கூட்டிப் பேச விரும்பாத ஒன்று. எல்லாப் பெண்ணுக்கும் அப்பா அருகில் இருப்பதில்லை. இறந்திருப்பார், பிரிந்துபோயிருப்பார், கூப்பிட்டும் வராதவராக இருப்பார். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் எம்சி எங்கிருந்தோ வந்தவர், நிரலில் ஒரு வரி இருக்கிறது என்பதற்காக 'பெண்ணோட அப்பா எங்கே, மேடைக்கு வாங்க!' என்று மைக்கில் கூவிவிடுவார். அதைத் தடுக்கவே புக்கிங்கின்போது பெண்ணிடம் நேராகவோ அம்மாவிடமோ கேட்டுக்கொள்கிறோம். அம்மா தனியாக வளர்த்த வீட்டில் அம்மாதான் ஆட வேண்டும், அதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. தாய்மாமன், தாத்தா, அண்ணன், எடுத்து வளர்த்த சித்தப்பா யாராக இருந்தாலும் அதேதான். இல்லை, இந்தப் பகுதியே வேண்டாம் என்றால் நிரலிலிருந்து அடித்துவிடலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதே காரணத்துக்காகத்தான் அப்பாவுக்கு 'சர்ப்ரைஸ்' வைப்பதையும் நான் ஏற்பதில்லை. முந்நூறு பேர் முன்னால் திடீரென்று கையைப் பிடித்து இழுத்தால் கூச்ச சுபாவமுள்ள மனிதர் மறுக்கவும் முடியாது, ஆடவும் முடியாது. முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால், பக்கத்தில் நாற்காலி போட்டு அவருக்குப் பிடித்த பாட்டை இருவருமாக உட்கார்ந்து கேட்பதுகூட ஒரு நிகழ்ச்சிதான். செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே இருந்தது.

பாட்டுக் கோப்பு பற்றிச் சுருக்கமாக. வாட்ஸ்ஆப்பில் கைமாறிக் கைமாறி வந்த பாட்டு பெரிய ஸ்பீக்கரில் தகரம் தட்டுகிற மாதிரி கேட்கும். அன்றைக்கு யூடியூபில் போட்டுக்கொள்ளலாம் என்றால் எஸ்டேட் பக்கம் சிக்னல் இருக்காது. மாப்பிள்ளையின் போனை ப்ளூடூத்தில் இணைத்தால் நடுவில் யாராவது அழைப்பார்கள். பென் டிரைவில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். உங்கள் வேலை மூன்று நாள் முன்னால் எந்தப் படம், எந்தப் பாட்டு, யார் பாடியது என்று சரியாகச் சொல்வது. 1960-களின் பாட்டென்றால் ரீமிக்ஸ் வேண்டாம், அசலையே கொடுங்கள். ஒலி கொஞ்சம் மெல்லியதாக இருந்தாலும் மிக்ஸரில் சரிசெய்துகொள்ளலாம். அப்பாவுக்குத் தெரிந்த பாட்டு அந்த அசல்தான்.

நேரத்தையும் யோசித்து வையுங்கள். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பள்ளத்தாக்கில் சத்தம் எதிர் மலைவரை போகும், புகார் வர நேரமாகாது. வயதானவர்கள் குளிரில் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். மலைப்பாதையில் இறங்க வேண்டியவர்களும் எட்டு மணிக்கே கடிகாரம் பார்ப்பார்கள். பந்திப்பூர் பாதை இரவு 9 மணிக்கு மூடிவிடுவதால் மைசூர்ச் சொந்தங்கள் அதற்கும் முன்னாலேயே போயிருப்பார்கள். பாட்டியும் அத்தைகளும் பார்க்க வேண்டும் என்றால் ஏழரைக்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும்.

கடைசியாக, மண்டபத்தில் சிலர் பாட்டு ஓட்ட லைசென்ஸ் கட்டணம் கேட்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(za) பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் பொது அறிவிப்பு வெளியிட்டு இதைத் தெளிவாக்கியிருக்கிறது. அதைக் காட்டிப் பேசுங்கள். ஆனால் அந்த விலக்கு அன்றைய கொண்டாட்டத்தில் ஓட்டும் பாட்டுக்குத்தான். வீடியோவை இணையத்தில் ஏற்றினால் பாட்டு முடக்கப்படலாம். அதனால் வீடியோகிராஃபரிடம் ரீல்ஸோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒலியோடு கூடிய முழு ஒரிஜினலையும் ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்கி வையுங்கள்.