பிளாஸ்டிக் தட்டு தேயாதா?

“அம்மாவின் இதயத்தில் சித்ரா வால்வு என்ற செயற்கை வால்வை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் தட்டாமே, சீக்கிரம் தேய்ந்துவிடாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான பயம்தான். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நாளுக்கு ஒரு லட்சம், ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை முறையும் அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இந்த வால்வை உருவாக்கிய அறுவை மருத்துவர் வலியத்தானின் குழுவும், முதல் வடிவம் தோற்றதும், கடினமான பொருளைத்தான் நம்பியது. செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்தார்கள். அது தன்னைத் தாங்கிய டைட்டானியச் சட்டத்தைத் தேய்த்தது. சட்டத்தைக் கோபால்ட் உலோகக் கலவைக்கு மாற்றினார்கள். தேய்மானம் நின்றது, ஆனால் செம்மறியாட்டுச் சோதனையில் நீலக்கல்லே உடைந்தது. நான்காவது வடிவத்தில்தான் பாலிஎத்திலீன் வந்தது. செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் இருக்கும் அதே வகை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். இந்தத் தட்டுக்குக் கீல் கிடையாது. சட்டத்தின் வளைந்த கம்பிகளுக்கு நடுவே தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. ரத்தம் தள்ளும்போது சாய்ந்து திறக்கிறது; திரும்பி வரும் ரத்தமே அதை மூடுகிறது. அப்படித் திறந்து மூடும்போதே தட்டு தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொள்கிறது. கம்பி உரசும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும், உண்மை. ஆனால் எறும்பு ஒரே தடத்தில் ஊர வேண்டுமே! இங்கே தேய்மானம் விளிம்பு முழுக்கப் பரவுவதால் எங்கும் பள்ளம் விழுவதில்லை. பிளாஸ்டிக் என்பதால் மூடும் சத்தமும் குறைவு.

இதை ஒரு துறை மட்டும் கண்டுபிடித்திருக்க முடியாது. ரத்தம் எங்கே உறையும் என்பது மருத்துவருக்குத் தெரியும், உலோகம் எப்படித் தேயும் என்பது பொறியாளருக்குத் தெரியும். ஆட்டைத் திறந்து பார்த்துச் சொல்லக் கால்நடை மருத்துவர் வேண்டும், ஒன்றுபோல் ஆயிரக்கணக்கில் செய்து தரச் சென்னையின் டி.டி.கே. குழுமம் வேண்டும். மருத்துவமனையும் பூஜப்புரை அரண்மனையில் இயங்கிய ஆய்வகமும் ஒரே நிறுவனம் என்பதால் ஆடு செத்த செய்தி வடிவமைப்பாளரின் மேசைக்கு நேராக வந்தது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்று அது ஒரு லட்சம் பேரைத் தாண்டிவிட்டது. மூன்று தோல்விகளுக்குப் பிறகும் பணம் நிற்கவில்லை என்பதை ஆராய்ச்சி நிதி ஒதுக்குகிறவர்கள் மறக்கக் கூடாது.

அந்த மேசையில் நோயாளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பேன். ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். குழந்தை பெற நினைக்கும் இளம்பெண்ணுக்கு அந்த மாத்திரை எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை அவள் வாயால் கேட்க வேண்டும்.

உங்கள் அம்மா தட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிடுகிறாரா, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை மருத்துவர் சொன்ன தேதியில் செய்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.