இதைப் பற்றி அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

ஐசியூவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. நாலைந்து நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு கடிகாரம். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக என் வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது. நோயாளிக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் குடும்பத்தாரிடம் சொல்லி முடித்து, அது மனதில் இறங்கக் கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் நான் போய் உட்காருவேன். எடுத்த எடுப்பில் உறுப்பு தானம் பற்றிப் பேசுவதில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லச் சொல்லிக் கேட்பேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி: "இதைப் பற்றி அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?"

மனைவி மகனைப் பார்ப்பார். மகன் சித்தப்பாவைப் பார்ப்பான். சித்தப்பா தரையைப் பார்ப்பார்.

ஒரு குடும்பம் இன்னும் நினைவில் நிற்கிறது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மூளைக்குள் ரத்தக்கசிவு. குடும்பத்தார் இரண்டு மணி நேரம் தங்களுக்குள் பேசினார்கள். கடைசியில் மூத்த மகள் சொன்னாள்: "எங்களுக்கு மனசில்லாம இல்ல மேடம். அப்பாவுக்கு இதுல இஷ்டமான்னு தெரியல. தெரியாம நாங்க எப்படிச் சரின்னு சொல்றது?" நியாயமான பதில். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவளே போன் செய்தாள். அப்பாவின் பர்ஸில், டிரைவிங் லைசென்ஸுக்குப் பின்னால், உறுப்பு தான அட்டை இருந்திருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு முகாமில் கையெழுத்துப் போட்டது. அது உறுப்பு தானப் பதிவேட்டில் ஏறவேயில்லை. நாங்கள் தேடியபோது அவர் பெயர் வரவில்லை. "நாங்க தப்புப் பண்ணிட்டோமா?" என்றாள். இல்லை என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஐசியூவுக்கு வருகிறவரின் பர்ஸ், வாட்ச், செருப்பு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய், குடும்பத்தின் கையில் வந்து சேரும். அந்த நேரத்தில் பர்ஸைத் திறந்து அட்டை தேட யாருக்குத் தோன்றும்? அதனால்தான் "கார்டு வாங்கிட்டேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் "வீட்டில் யாரிடம் சொன்னீர்கள்?" என்று உடனே கேட்டுவிடுகிறேன். கேள்வி கொஞ்சம் முகத்தில் அடித்தாற்போல இருக்கும். பரவாயில்லை.

சட்டம் என்ன சொன்னாலும் நடைமுறையில் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களின் வார்த்தைதான் பெரும்பாலும் நிற்கிறது. ஸ்பெயினில் 1979 முதல், மறுத்துச் சொல்லாத எல்லோரும் சம்மதித்தவர்கள் என்றே சட்டம் கருதுகிறது. ஆனாலும் அங்கே குடும்பத்தைக் கேட்காமல் உறுப்பை எடுப்பதில்லை. உறுப்பு தானத்தில் பல ஆண்டுகளாக உலகில் முன்வரிசையில் இருக்கும் நாடு அது. காரணம் சட்டம் அல்ல, ஒவ்வொரு மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் இருப்பதுதான் என்று அவர்களே சொல்கிறார்கள். (என் வேலையை நானே புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.) வேல்ஸ் 2015இலும் இங்கிலாந்து 2020இலும் அதே மாதிரி சட்டத்துக்கு மாறின. அங்கேயும் குடும்பத்தாரிடம் பேசிவிட்டுத்தான் அடுத்த அடி. இறந்தவரின் விருப்பம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பத்துக் குடும்பங்களில் ஒன்பது சம்மதிக்கின்றன, தெரியாவிட்டால் அது ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்பது பிரிட்டனில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. எங்கள் அறையில் நான் பார்ப்பதும் அதுதான்.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார் என்பது பலருக்குத் தெரியும். அந்த இதயம் டெனிஸ் டார்வால் என்ற 25 வயதுப் பெண்ணுடையது. சாலையைக் கடக்கும்போது கார் மோதியது; கூட வந்த அம்மா அங்கேயே இறந்துவிட்டார். மனைவியை இழந்து, மகளையும் இழந்துகொண்டிருந்த எட்வர்டு டார்வாலிடம்தான் டாக்டர்கள் வந்து கேட்டார்கள். அவர் சில நிமிடங்கள் யோசித்தார், மகளின் தாராள மனதை நினைத்துப் பார்த்தார், சம்மதித்தார். மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகித்துத்தான் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் அந்த ஊகம் கைகூடாது.

ஏன் கைகூடாது? மூளைச்சாவு, சாவு மாதிரியே இருக்காது. உடம்பு சூடாக இருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். "தூங்குற மாதிரிதானே இருக்கார்?" என்று கேட்காத குடும்பமே இல்லை. மூச்சு வென்டிலேட்டருடையது. இதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை, ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது தன்பாட்டுக்குத் துடிக்கும். மூச்சு, விழிப்பு போன்றவற்றை இயக்கும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு இறந்துவிட்டதா என்பதை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா, காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டால் கண் அசைகிறதா, மூச்சுக்குழாய்க்குள் தூண்டினால் இருமல் வருகிறதா என்று. கடைசியாக, ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற ஒரே ஒரு மூச்சாவது தானாக வருகிறதா என்று பார்ப்பார்கள். பல நாடுகளில் இந்தச் சோதனைகளைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவில் இருக்கும் டாக்டர் அதில் சேரவே கூடாது.

கோமா வேறு. கோமாவில் இருப்பவரின் மூளை உயிரோடு இருக்கிறது, அவர் மீண்டு வரலாம். மூளைச்சாவிலிருந்து யாரும் மீள்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவற்றுக்குப் பதில் சொல்லும் பாடு அந்தச் சின்ன அறையில் எங்கள் தலையில்தான் விழுகிறது.

இப்படிக் குழம்பி நிற்பவர்களிடம் முடிவைக் கேட்கிறோம், அதுவும் சில மணி நேரத்துக்குள். எடுத்த இதயத்தை நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் இன்னொருவருக்குப் பொருத்தியாக வேண்டும். சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். ஆனால் மூளைச்சாவுக்குப் பிறகு உடம்பையே அதிக நாள் நிலையாக வைத்திருக்க முடியாது. "அவர் சொல்லியிருக்கிறார்" என்ற ஒற்றை வரி அங்கே எவ்வளவு பாரத்தை இறக்கிவைக்கிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும். குடும்பம் முடிவெடுக்கத் தேவையில்லாமல் போகிறது. அவர் எடுத்த முடிவைத் தெரிவித்தால் போதும்.

சரி, எப்படிச் சொல்வது? எல்லோரையும் உட்காரவைத்துச் சொற்பொழிவு வேண்டாம். யாருக்கோ சிறுநீரகம் கிடைத்த செய்தி காதில் விழும்போது "எனக்கும் இதில் சம்மதம்தான், நேரம் வந்தால் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் விளையாட்டாகச் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். "சும்மா சொன்னாரோ என்னவோ" என்ற சந்தேகம் எத்தனையோ சம்மதத்தை அந்த அறையில் அசைத்திருக்கிறது. இன்னொரு நாள் நிதானமாக ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கணவனிடமோ மனைவியிடமோ மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. ஒரே வண்டியில் போகிறவர்கள் ஒரே விபத்தில் சிக்குகிறார்கள். அந்த நேரத்தில் சத்தமாகப் பேசப்போகிற ஆள் உங்கள் வீட்டில் யார் என்பது உங்களுக்கே தெரியும். அண்ணனோ மாமாவோ, அந்த ஆளின் காதில் கட்டாயம் போட்டுவையுங்கள். எதைக் கொடுக்கலாம், எது வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் கொடுக்கலாம், கண் மட்டும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. அது அவர்கள் விருப்பம், யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. மொத்தமாகவே வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுவது நல்லது. தெளிவான மறுப்பைக் கேட்டுக்கொண்டு திரும்பும் குடும்பம், "நாங்க தப்புப் பண்ணிட்டோமா?" என்று மூன்று வாரம் கழித்துப் போன் செய்வதில்லை.

வீட்டில் கேட்கப்போகிற சில கேள்விகளுக்கு மட்டும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டால் வைத்தியம் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள் என்ற பயம்: வைத்தியம் பார்க்கும் குழு வேறு, உறுப்பு மாற்றுக் குழு வேறு, பிழைக்கவைக்க வழியில்லை என்று தீர்மானமான பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். உடம்பு சிதைந்துவிடுமா? மற்ற ஆபரேஷன் போலவே தையல் போட்டு ஒழுங்காகத்தான் தருவார்கள். எல்லாம் முடிந்து உடலை வாங்க ஒரு நாள்கூட ஆகலாம், அதை மறைக்காமல் சொல்லிவையுங்கள். உடல் தானம் வேறு, உறுப்பு தானம் வேறு. உறுப்புகளை எடுத்த உடலை மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக வாங்கிக்கொள்ளாது.

இன்னொன்றும் உண்டு. சம்மதம் சொன்ன எல்லோருக்கும் அந்த வாய்ப்பு வந்துவிடாது. உறுப்பு தானம் செய்யக்கூடிய நிலையில் இறப்பவர்கள் 100இல் ஒருவர் அளவுக்குத்தான். அமைந்தால், ஒருவரால் எட்டுப் பேர்வரை பிழைக்கலாம். கண் தானம் அப்படியில்லை. வீட்டில் இறந்தாலும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிட முடியும்.

ஊருக்கெல்லாம் சொல்கிற நான், இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம்வரை என் வீட்டில் வாயே திறக்கவில்லை. அந்த மகளின் போன் வந்த அன்று இரவுதான் அம்மாவிடம் சொன்னேன். "வாயைத் திறந்து நல்லதா நாலு வார்த்தை பேசேன்" என்று எழுந்து போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவர், போனை வைக்கப்போகும்போது கேட்டார்:

"ஆமா, எனக்கு எழுபது தாண்டிடுச்சே. என்னோடதெல்லாம் எடுத்துப்பாங்களா?"

"வயசு ஒரு தடையில்லம்மா. அப்பப் பார்த்து அவங்க முடிவு பண்ணுவாங்க."

"கண்ணுல புரை எடுத்திருக்கே?"

"இருந்தாலும் எடுத்துப்பாங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப சரி. தம்பிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா கத்துவான்."

மறுநாளே தம்பியிடம் சொன்னேன். என்னிடமும் கத்தினான்.