2147483647: தரவுத்தளத்தில் கண்டால் கவனிக்க வேண்டிய எண்

ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத வாடிக்கையாளர்கள் பலருக்கும் 2147483647 என்ற ஒரே கைபேசி எண் பதிவாகியிருப்பதைத் தரவுத்தளப் பராமரிப்பில் இருப்பவர்கள் என்றாவது ஒருநாள் காண நேரும். அது எவருடைய எண்ணும் அன்று. 2-இன் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் அந்த எண், இரும முறையில் தொடர்ச்சியான 31 ஒன்றுகளாக அமைகிறது. கணினி ஒரு முழு எண்ணைச் சேமிக்க வழக்கமாக ஒதுக்கும் 32 பிட்டுகளில் (0 அல்லது 1 அமரும் இடங்களில்) ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால், எஞ்சியவற்றில் அடங்கும் மிகப்பெரிய முழு எண்ணும் அதுவே.

நம் நாட்டுக் கைபேசி எண்கள் பத்து இலக்கங்களுடன் 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் தொடங்குவதால், அவற்றில் ஒன்றுகூட இந்த வரம்புக்குள் வராது. தவறான மதிப்புகளை மறுக்கச் செய்யும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், 32 பிட் முழு எண் நெடுவரிசைக்கு வரும் அத்தகைய எண்ணை மறுக்காமல், ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிந்துவிட்டு, வரம்பு எண்ணையே சேமித்துவிடும். உண்மையான எண்ணை அந்தப் பதிவிலிருந்து மீட்க வழியே இல்லை. கைபேசி எண்களை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை என்பதால், அவற்றை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, சேமிப்பதே முறை.

கணித நோக்கிலும் இது அரிய எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருப்பதால் மட்டும் இத்தகைய எண் பகா எண்ணாகிவிடாது. 11ஆம் அடுக்கில் கிடைக்கும் 2047, 23-ஐயும் 89-ஐயும் பெருக்கி வருவதே. 31ஆம் அடுக்கில் வருவது பகா எண்தான் என்பதைக் கணித மேதை ஆய்லர் நிறுவினார்; அந்த முடிவு 1772இல் வெளிவந்தது. இதற்குப் பகாக் காரணி இருந்தால், அதை 62ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவும், 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆகவும் இருந்தாக வேண்டும். இந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை, தேடினால் போதும்; அதற்குள் இந்த நிபந்தனைக்கு உட்படும் எண்கள் நானூறுக்கும் குறைவு. கண்பார்வையைப் பெரிதும் இழந்துவிட்ட முதுமையில் இதைச் செய்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பே. 1867 வரை, அறியப்பட்ட பகா எண்களில் இதுவே மிகப்பெரியதாக இருந்தது.

பகாத்தன்மையால் மென்பொருளுக்குத் தொல்லை ஏதும் இல்லை, தொல்லையெல்லாம் வரம்பால்தான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் யூனிக்ஸ் நேரம், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8:44:07க்கு இந்த எண்ணைத் தொடும். நேரத்தை 32 பிட்டில் வைத்திருக்கும் மென்பொருளில் அடுத்த நொடி, எண்ணிக்கை எதிர்மறையாகி, 1901 டிசம்பருக்குச் சென்றுவிடும். இன்று வழங்கப்படும் இருபதாண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை அந்த நாளைத் தாண்டியே வருகிறது என்பதால், இதை வருங்காலச் சிக்கல் என்று ஒதுக்க இயலாது. இயங்குதளம் 64 பிட்டாக இருந்தாலும், தேதியையும் நேரத்தையும் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை, 2038 ஜனவரி 19ஐத் தாண்டிய தேதியை ஏற்பதில்லை.

ஒவ்வொரு புதிய பதிவுக்கும் தானாக ஏறும் வரிசை எண்களுக்கும், அவை 32 பிட் முழு எண்ணாக இருந்தால், இதே வரம்பு உண்டு. வரிசை எண் நூறு கோடியைக் கடந்ததுமே அதை 64 பிட் முழு எண்ணான பிக்இன்ட் வகைக்கு மாற்றத் திட்டமிடுவது என் வழக்கம். அவ்வளவு பெரிய அட்டவணையில் இந்த மாற்றம் மணிக்கணக்கில் நீளக்கூடும், அதுவரை புதிய பதிவுகள் காத்திருக்க நேரும்.