காப்பிக்கொட்டை அரைக்கும் கூடம்

பழைய மரக் கட்டடங்களில் ஏறி இறங்கி, எது தாங்கும், எது தாங்காது என்று எழுதிக்கொடுப்பது என் தொழில். டெக்சாஸ் மாநிலத்தில் ஜெர்மானியர் குடியேறிய ஊர்களின் பொதுக்கூடங்கள் பலவற்றின் பரணில் தவழ்ந்திருக்கிறேன். என்னை அழைக்கும், கூடத்துக்கு உரிமையுள்ள சங்கத்தார் பெரும்பாலும் முடிவை ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். "இடித்துவிட்டு இதே மாதிரி புதிதாகக் கட்டிக்கொள்கிறோமே" என்பார்கள். அவர்களிடம் நான் ஃபிரெடெரிக்ஸ்பர்க் ஊரில் நடந்ததைச் சொல்வேன்.

1842இல் ஜெர்மானியப் பிரபுக்கள் சிலர் டெக்சாஸில் குடியேற்றம் அமைக்க ஒரு சங்கம் கண்டார்கள். அதன் சார்பில் இளவரசர் கார்ல் 1845இல் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரை நிறுவினார். அவருக்கு அடுத்துப் பொறுப்பேற்றவர் மாய்செபாக். அவர் காலத்தில்தான் 120 பேர் வண்டி கட்டிக்கொண்டு 16 நாள் பயணம் செய்து, 1846 மே 8 அன்று ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் இறங்கினார்கள். நோயும் பஞ்சமும் பலரைக் கொண்டுபோயின. ஆனாலும் மறு ஆண்டே, 1847இல், நடுத்தெருவில் ஊருக்கென்று ஒரு கூடம் எழுப்பிவிட்டார்கள். ஃபெரைன்ஸ்கிர்ஷெ, அதாவது சங்கத்துத் தேவாலயம், என்பது அதன் பெயர்.

பெயர்தான் தேவாலயம். எல்லாச் சபையாரும் அங்கேயே தொழுதார்கள், பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள், ஊர்க்கூட்டமும் அங்கேயே நடந்தது, ஆபத்து வந்தால் ஒதுங்கும் கோட்டையும் அதுவே. எட்டுப் பக்கம் கொண்ட கட்டடம் அது. ஒவ்வொரு பக்கமும் 18 அடி அகலம், 18 அடி உயரம். அதன்மேல் 10 அடி உயரக் கூரை, உச்சியில் ஒரு சிறு மாடம். கணக்குப் போட்டால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சுமார் 43 அடி, பரப்பு 1,560 சதுர அடிதான். ஒரு நடுத்தர வீட்டின் அளவுள்ள இடத்தில் ஓர் ஊரே குடியிருந்திருக்கிறது! அதன் உருவத்தைப் பார்த்த மக்கள் அதற்குக் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தின் பெயரைச் சூட்டினார்கள். பிள்ளையைச் செல்லப்பெயர் சொல்லி அழைப்பது போன்ற உறவு அது.

பிறகு ஊர் வளர்ந்தது. ஒவ்வொரு சபையும் தனக்கென ஓர் ஆலயம் கட்டிக்கொண்டு வெளியேறியது. கத்தோலிக்கர் 1860களில் கல்லாலேயே ஓர் ஆலயம் எழுப்பினார்கள். எல்லாருக்கும் சொந்தமாக இருந்த கூடம் மெல்ல மெல்ல யாருக்கும் சொந்தமில்லாத கூடமாயிற்று. 1896இல் ஊர் தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. 1897இல் கூடத்தை இடித்துவிட்டார்கள். பின்னர் மனம் கேட்கவில்லை. 1935இல் அதே வடிவில் சந்தைத் திடலில் ஒரு நகல் எழுந்தது. இன்று பயணிகள் படம் எடுத்துக்கொள்வது அந்த நகலைத்தான்.

நகலை நான் குறைத்துப் பேசவில்லை. அது அந்த ஊரார் பட்ட வருத்தத்தின் சின்னம். ஆனால் என் தொழில் தேடுவது அதில் இல்லை. முதல் தச்சர் எந்த மரத்தை எடுத்தார், மரங்களின் எந்த இணைப்பை எப்படி வெட்டினார், எந்த இடத்தில் அவசரப்பட்டார் என்பதெல்லாம் பழைய மரத்தோடு போய்விட்டன.

இதுபோன்ற கூடங்கள் விழுவதற்குப் புயல் தேவையில்லை. எட்டுப் பக்கக் கூரையில் எட்டு மூலைக் கைமரங்களும் உச்சி மாடத்தின் அடியில் கூடுகின்றன. தண்ணீர் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். நுழைந்த நீர் கைமரத்தின் வழியே சத்தமில்லாமல் இறங்கி, சுவர்மேல் சுற்றிவரும் உத்தரத்தில் தேங்கும். அந்த உத்தரம் பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டை போன்றது. கூரை வெளிநோக்கித் தள்ளும் விசையைப் பிடித்து நிறுத்துவது அதுவே. ஒரு மூலை உளுத்தால் பட்டை அறுந்த கதைதான். சுவர் சாயத் தொடங்கியதும் "அடித்தளம் போய்விட்டது, இடிக்கத்தான் வேண்டும்" என்கிறார்கள். உண்மையில் போனது ஒரு மூலை, இரண்டு முழ மரம்.

நல்லெண்ணத்தில் செய்யும் கேடும் உண்டு. சுவரின் அடியில் கிடக்கும் மரச் சட்டத்தைச் சுற்றி சிமென்ட் பூசிவிடுவது அதில் முதலாவது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதை அழுகச் செய்யாது. சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிறது, கறையானுக்கும் வழிவிடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தப்பிய கூடங்களைப் பாருங்கள். மாட்டுத் திருட்டைத் தடுக்க 1875இல் விவசாயிகள் தொடங்கிய சங்கத்தின் ஆன்ஹால்ட் கூடத்தில் இன்றும் நடனம் நடக்கிறது. பெல்வில் ஊரில் உடற்பயிற்சிச் சங்கத்தார் 1897இல், ஃபிரெடெரிக்ஸ்பர்க் கூடம் இடிபட்ட அதே ஆண்டில், எழுப்பிய பன்னிரண்டு பக்க மண்டபமும் நிற்கிறது. மக்கள் உள்ளே வந்துபோகும் கூடத்தில் கூரை ஒழுகினால் யாராவது ஒருவர் தலையில் சொட்டிவிடும். பூட்டிய கூடத்தில் சொட்டுவதை யார் பார்ப்பது?

காகிதத்தையும் மறக்க வேண்டாம். 1918இல் டெக்சாஸ் பள்ளிகளில் ஆங்கிலவழிக் கல்வி சட்டமானது. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் மொழி மங்கியது. பழைய ஜெர்மன் கையெழுத்தோ முற்றிலும் அந்நியமாயிற்று. ஒரு சங்கத்தின் சாமான் அறையில், குப்பைக்குப் போகவிருந்த பெட்டியில், கூட்டக் குறிப்பேடுகளைக் கண்டெடுத்தோம். படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டியை வரவழைத்தோம். கூரையின் மர ஓடுகளை நீக்கித் தகரம் போட்ட ஆண்டு, அதற்கு ஆன செலவு, ஒழுகுகிறது என்று ஓர் உறுப்பினர் மூன்று கூட்டங்களில் தொடர்ந்து முறையிட்ட மூலை, எல்லாம் அதில் இருந்தன. நான் குத்தூசியால் குத்திப் பார்த்து இரண்டு நாளில் கண்டுபிடித்ததும் அதே மூலைதான்.

அந்தக் கூடத்தை இடிக்கவில்லை. உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தில் ஒரு துண்டு இணைத்தோம். இணைத்த துண்டின் உட்பக்கத்தில் தச்சர் ஆண்டைச் செதுக்கினார். அடுத்துப் பரணில் ஏறுகிறவர் எது பழையது, எது புதியது என்று குழம்பக் கூடாது அல்லவா.