ஆர்குவேட் ஃபாசிகுலஸ்: வளைநரம்பு அல்ல, வில்நார்க்கற்றை

மூளையிலுள்ள ஆர்குவேட் ஃபாசிகுலஸை 'வளைநரம்பு' என்று எழுதும் வழக்கம் கட்டுரைக்குக் கட்டுரை தொற்றிக்கொண்டே போகிறது. அந்தச் சொல் தப்பு.

இலத்தீனில் ஆர்குஸ் என்றால் வில். ஃபாஸ்கிஸ் என்றால் கட்டு. அதன் சிறுமை வடிவம் ஃபாசிகுலஸ். வில்லாய் வளைந்த சிறு கட்டு, அவ்வளவுதான்.

எதன் கட்டு? நரம்பணுக்களின் நீண்ட நார்கள். மயலின் என்ற கொழுப்புறை போர்த்தியிருப்பதால் அவை வெளுப்பாகத் தெரியும். நெற்றிமடலில் கிளம்பி, மூளையின் பக்கவாட்டில் ஓடும் சில்வியன் பிளவு என்ற ஆழமான பள்ளத்தின் பின்முனையைச் சுற்றி, காதருகே உள்ள பொட்டுமடலுக்கு இறங்குகின்றன.

சரி, நரம்பு என்றால் என்ன கெட்டுப்போகும்? மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் கட்டுக்குத்தான் உடற்கூறியலில் நரம்பு என்று பெயர். உள்ளே ஓடுவது வேறு. பேச்சுவழக்கில் குழப்பம் இன்னும் பெரிது. 'ஊசி போட நரம்பே கிடைக்கல' என்கிறோம், அது ரத்தக்குழாய். 'நரம்புத் தளர்ச்சி' என்றால் ஆளுக்கு ஒரு பொருள். பக்கவாதம் வந்தவரின் வீட்டாரிடம் போய் 'வளைநரம்பு பாதிப்பு' என்றால், சத்து மாத்திரையில் சரியாகிவிடுமா என்றுதான் கேட்பார்கள்.

அவர்களுக்குப் புரியவேண்டியது இணைப்பு அறுந்த கதை. பேச்சை உருவாக்கும் பகுதியை பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 1861இல் காட்டினார். புரிந்துகொள்ளும் பகுதியை ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே 1874இல் சொன்னார். இரண்டுக்கும் நடுவிலான தொடர்பு, அதாவது இந்த நார்க்கட்டு, கெட்டால் கேட்பது புரியும், பேச்சும் சரளமாக வரும், ஆனால் திருப்பிச் சொல்ல வராது. 'சேவல்' என்று சொல்லச் சொன்னால் 'சேலவ்' என்பார்; தப்பென்று தெரிந்து 'வேசல்' என்று மறுபடி முயல்வார். இதில் அருகிலுள்ள புறணிக்கும், அதாவது மூளையின் மேலடுக்குக்கும், பங்குண்டு என்று இன்றைய ஆய்வாளர்கள் திருத்துகிறார்கள். அப்போதும் பேச்சு இணைப்பைப் பற்றித்தான், நரம்பைப் பற்றி அல்ல.

கற்றை என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. கூந்தல் கற்றை, ஒளிக்கற்றை என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும். அதை விட்டுவிட்டு நரம்பைப் பிடிப்பது சோம்பல். இதே சோம்பல்தான், இந்த வெளுப்பான நார்களால் ஆன மூளையின் வெண்பொருளை (white matter) 'வெள்ளை விஷயம்' ஆக்குகிறது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, படத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

'வளை' மட்டும் போதாது என்பதும் முக்கியம். மூளையிலுள்ள இன்னொரு கட்டான அன்சினேட் ஃபாசிகுலஸும் வளைந்ததுதான். இலத்தீனில் உங்குஸ் கொக்கி. எனவே அது கொக்கிநார்க்கற்றை. சிங்குலம் என்று மற்றொரு கட்டு; அந்தச் சொல்லுக்கு இடைக்கச்சை என்று பொருள், அது கச்சைநார்க்கற்றை.